புராணம், ஐதிகம், தொன்மம்

பழங்கதைகளை ஆராயப் புகுவார் முதற்கண் தெளியவேண்டுவன அவற்றைக் குறிக்கும் சொற்களேயாம். சொல் கலங்கிற் பொருளுங் கலங்கும். அண்மைக்காலத்து ஆராய்ச்சி நூல்களிற் பல, திரிபுரம் எரித்தது, ஆரூரரைத் தடுத்தாட்கொண்டது, ஊர்ப்பெயர்க்குக் காரணங்கூறும் கதை, மரத்துப் பேயைப்பற்றிய ஊர்ப்பேச்சு ஆகிய அனைத்தையும் தொன்மம் என்னும் ஒரே சொல்லுள் அடைத்துவிடுகின்றன. அடைத்தபின், அவற்றிற் பொதுவாய் வருங் கூறுகளை நிரல்பட எண்ணி, 'இவை எங்குங் காணப்படுவன. ஆகலின் யாவும் கட்டப்பட்டன' என்று முடிவு கட்டுகின்றன. மற்றொருசாரார், கோயில் வாயிலில் விற்கப்படும் சிறு வெளியீடுகளில், திருமுறையிலுள்ளதும் நேற்றொருவர் வாய்மொழியாற் சொல்லியதும் ஒருநிறையின எனக் கொண்டு, எல்லாவற்றையும் புராணம் என்றே எழுதிவிடுகின்றனர். முன்னவர் பொன்னையும் பித்தளையையும் ஒருங்கே குப்பையில் இடுகின்றனர். பின்னவர் இரண்டனையும் ஒருங்கே பேழையில் வைக்கின்றனர். உரைத்துப் பாராமை இருவர்க்கும் ஒக்கும்.

இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாகத் தக்க நிலப்பகுதி ஒன்று உளது. திண்டிவனந் தொடங்கி விழுப்புரத்தின் வழியே பெண்ணையாற்றங்கரை வரையிற் பரந்த நாடு அது. சங்ககாலத்து ஓய்மானாடு அதன் வடபாலது. தேவாரத் தலவரிசையில் தொண்டைநாட்டின் தென்கோடியும் நடுநாடும் அதன்கண் சந்திக்கின்றன. தென்னார்க்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்த இப்பகுதி 1993-இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-இல் திருக்கோவலூர்ப் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. மாவட்ட எல்லை மாறினும் கதைகளின் எல்லை மாறவில்லை. மேலும், மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களை உலகுக்களித்த திருவெண்ணெய்நல்லூர் இந்நாட்டின்கண் உளது. அவர்பால் உபதேசம் பெற்ற அருணந்தி சிவாசாரியார், எதனை எவ்வளவு நம்பலாம் என்பதை வரையறுக்கும் அளவையியலைத் தம் சிவஞானசித்தியாரின் முகப்பில் வைத்தார். ஆகலின், இந்நாட்டுக் கதைகளை நிறுத்துப்பார்க்கும் நிறைகோலும் இந்நாட்டிற் பிறந்ததேயாம்.

இனிச் சொற்களை நோக்குவாம் எனின், புராணம் என்பது பழமை என்னும் பொருளது. வடநூலார் அதற்கு உலகத்தோற்றம், மறுதோற்றம், மரபு, மனுவந்தரம், அம்மரபினர் வரலாறு என ஐந்து இலக்கணங் கூறினர். தமிழிலுள்ள தலபுராணங்கள் இவ்வைந்தனுள் அடங்குவன அல்ல. நாட்டுச்சிறப்பு, நகரச்சிறப்பு, நைமிசவனத்து முனிவர் வினவச் சூதமுனிவர் விடையிறுத்தல், மூர்த்தி தலம் தீர்த்தங்களின் பெருமை, அவற்றை வழிபட்டுப் பேறுபெற்றோர் என்பனவே அவற்றின் யாப்பு. சேக்கிழாரின் நூலோ இவ்விரண்டின் வேறாய், அடியார் வரலாறே பொருளாக உடையது. அதுவும் புராணம் என்றே வழங்கப்படுகின்றது. ஆகவே, புராணம் என்னும் ஒருசொல் தன்னுள் மூவகை நூல்களைத் தாங்கி நிற்கின்றது.

இதிகாசம் என்பது 'இங்ஙனம் இருந்தது' எனப் பொருள்படும் தொடர்மொழி. அதனோடு ஒரு வேரிற் பிறந்த மற்றொரு சொல் ஐதிகம். இஃது இன்னார் கூறியது என்று அறியப்படாது, வழிவழியாகச் செவியேறி வருஞ் செய்தியைக் குறிக்கும். மணிமேகலையுள் சமயக்கணக்கர் அளவைகளை எடுத்தோதுமிடத்து, ஒரு மரத்திற் பேய் உண்டு என்று உலகத்தார் சொல்லத் தெளிவதனை ஐதிகத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறியிருத்தல் காண்க. அருணந்தி சிவாசாரியார் பிறர் வேண்டும் அளவைகளுள் ஐதிகத்தையும் எண்ணி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடித்தார். இதனாற் பெறப்படுவது யாது? ஐதிகம் தனித்து நின்று ஒன்றனை நிறுவும் வலியுடையதன்று; காட்சியோ, அனுமானமோ, குற்றமற்ற ஆப்தர் மொழியோ துணைநின்றவழியே அது வலிபெறும் என்பதாம். இங்ஙனங் கூறியவர் நாத்திகர் அல்லர். சந்தானாசாரியர் நால்வருள் ஒருவர் என்பது மறக்கற்பாலதன்று.

தொன்மம் என்பது அண்மைக்காலத்துப் பெருக வழங்கும் ஆக்கச்சொல். கிரேக்கர் தம் தெய்வக்கதைகளைக் குறித்து வழங்கிய சொல்லுக்கு ஈடாக அமைக்கப்பட்டது. தொல்காப்பியச் செய்யுளியலில் எண்வகை வனப்பினுள் ஒன்றாகத் தொன்மை கூறப்பட்டது. உரைநடையோடு விரவி வரும் பழஞ்செய்தியின் மேலது அது. பேராசிரியர் அதற்குத் தகடூர் யாத்திரையை எடுத்துக்காட்டினார். அது ஒரு போரைப்பற்றிய நூல். எனவே, தொன்மை என்பது பண்டைவழக்கிற் செய்யுளின் அமைப்பைக் குறித்ததேயன்றிக் கதை மெய் பொய் என்பதைக் குறித்ததன்று. இக்காலத்துத் தொன்மம் என்னுஞ் சொல்லோ, எழுதுவார் கருதினும் கருதாவிடினும், பொய் என்னும் நிழலைத் தன்னோடு கொணர்ந்துவிடுகின்றது. அச்சொல்லை வழங்கற்க என்பதன்று கருத்து. வழங்குவார் அந்நிழலை அறிந்து வழங்குக என்பதே.

அடுத்து ஆராயத்தக்கது கதைக்கூறுகளின் பொதுமை. உருசிய நாட்டு விளாதிமிர் பிராப் என்பார் 1928-இல் வெளியிட்ட நூலில், தம் நாட்டு மாயக்கதைகள் யாவும் 31 செயல்களின் வரிசைக்குள் அடங்கும் எனக் காட்டினார். அமெரிக்க நாட்டு ஸ்தித் தாம்சன் உலகக் கதைகளின் கூறுகளைத் திரட்டிப் பேரகராதி ஒன்றை ஆறு தொகுதிகளாக அமைத்தார். பெரிய உழைப்புக்கள் இவை; கற்கத்தக்கனவே. திண்டிவனம், விழுப்புரம் பகுதிக் கதைகளை அவ்வகையில் எண்ணினும் வரிசை எளிதிற் கிடைக்கும். ஊர்ப்பெயர்க்குக் காரணம்; மரமடர்ந்த வனத்தில் இறைவன் வெளிப்படல்; வரம்பெற்ற அசுரனும் அவன் வீழ்ச்சியும்; சாபமும் விமோசனமும்; இறைவன் மாறுவேடங்கொண்டு வருதல்; தேவி தவஞ்செய்தல்; புலவர் வாக்குப் பலித்தல் என்பன அவை. திண்டிவனம் என்னும் பெயரையே திந்திரிணிவனம், அஃதாவது புளியங்காடு, எனக் கொண்டு இறைவனைத் திந்திரிணீசுவரர் என வழங்குவர். தில்லைவனம், கடம்பவனம், வேணுவனம் என வேறிடங்களில் வருவன எல்லாம் இதனோடு ஒத்தனவே.

அற்றேல், இவை பொதுவாதலின் பொய் என்னலாமோ எனின், என்னற்க. அகப்பாட்டுக்களிற் குறிஞ்சிக்கு மலையும் வேங்கையும் தினைப்புனமும் கிளியும் திரும்பத்திரும்ப வருகின்றன. அதுபற்றி அகப்பாட்டெல்லாம் ஒரே பாட்டு என்றாதல், அன்பு என்பது உலகில் இல்லை என்றாதல் கூறுவார் ஒருவரும் இலர். கருப்பொருள் பொது; உரிப்பொருளைப் புலவன் அதன்வழி உணர்த்தும் திறம் சிறப்பு. கதைகளுக்கும் இம்முறை ஒக்கும்.

பொதுக்கூறு உண்டென்பதை மேனாட்டார் சொல்லித்தான் சைவர் அறிந்தனர் என்பதும் பொருந்தாது. திருஞானசம்பந்தர் பதிகங்களில் மிகப்பெரும்பாலானவற்றில் எட்டாந் திருப்பாட்டில் இராவணன் செய்தியும், ஒன்பதாந் திருப்பாட்டில் மாலும் அயனும் தேடிய செய்தியும், பத்தாவதிற் சமண புத்தர் செய்தியும் இடம் வரையறுத்து வருகின்றன. வக்கரைக்கும் ஆமாத்தூருக்கும் கோவலூருக்கும் ஒரே கதை மீள மீளப் பாடப்படுவது ஏன்? இவ்வினாவிற்குச் சேக்கிழாரே, திருஞானசம்பந்தர் புராணத்தில் முதற் பதிகம் பாடியதைக் கூறுமிடத்து விடை கூறிவிட்டார். பிழைசெய்தாரும் வந்தடைவராயின் இறைவன் கருணை அவரை ஏற்கும் என்பதற்கு இராவணன் செய்தி. தொழாத நெஞ்சினராய்த் தேடுவார்க்கு எய்தாமையும், பின் ஐந்தெழுத்தைத் துதித்தவழி உய்தியுண்மையும் காட்டுதற்கு மாலயன் செய்தி. 12-ஆம் நூற்றாண்டிலேயே கதைக்கூற்றைப் பிரித்தெடுத்து, அதன் இடத்தையும் பயனையும் கூறிய ஆராய்ச்சி இது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இக்கால அகராதிகள் கூறு எத்தனை இடங்களில் வருகின்றது என்று எண்ணும். சேக்கிழார் அது எதற்காக வருகின்றது என்று வினவினார்.

இவ்விரண்டு வினாக்களையும் ஒருங்கே கையிற்கொண்டு இந்நாட்டுக் கதைகள் சிலவற்றை வடக்கிருந்து தெற்காக நோக்குதல் நலம்.

ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் கிடங்கில் என்னும் ஊர் வருகின்றது. திண்டிவனத்தின் ஒரு பகுதி இன்றும் கிடங்கல் என வழங்கும். அப்பாட்டில் வேலூர் என்னும் ஊரும் கூறப்படுகின்றது. அவ்வூர்க் கேணியிற் பூக்கள் வேலின் நுனிபோலப் பூத்தன என்ற அளவிலே நத்தத்தனார் உவமை கூறினார். 14-ஆம் நூற்றாண்டினரான நச்சினார்க்கினியரோ, பகைமிகுதிக்கு அஞ்சிய நல்லியக்கோடன் முருகனை வழிபட, அப்பெருமான் கனவிற்றோன்றிக் கேணிப்பூவை எறியுமாறு பணித்து அப்பூவையே வேலாக்கினான் என்றும், அதனால் ஊர் வேலூராயிற்று என்றும் ஒரு செய்தியைத் தந்தார். கனவு, தெய்வப்படை, பெயர்க்காரணம் என்னும் மூன்று பொதுக்கூறுகள் இதன்கண் உள. இச்செய்தியைக் குறிக்க உரையாசிரியர் வழங்கிய சொல் கதை என்பதே. பாட்டிலுள்ளது உவமை, உரையிலுள்ளது கதை. கதை முன்னர் வழங்கி உவமைக்குள் அடங்கிற்றோ, உவமையினின்று கதை பிறந்ததோ என்பதைத் துணிதற்கு இடையில் வேறு சான்று இல்லை. இதனை ஐதிகம் என்று வைத்தல் முறை. சங்கப்பாட்டின் சான்று என்று எழுதுதல் முறையன்று.

திண்டிவனத்துக்கு வடக்கே உள்ளது அச்சிறுபாக்கம். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்றது. விழுப்புரத்துக்குத் தெற்கே பண்ணுருட்டிக்கு அருகில் உள்ளது திருவதிகை. அட்டவீரட்டங்களுள் திரிபுரம் எரித்த தலம். ஒரே கதையின் தொடக்கத்தை ஓரூரும் முடிவை மற்றோரூரும் தமதாகக் கொண்டுள்ளன. தேவர் அமைத்த தேரின் அச்சு இற்ற இடம் முன்னது என்பர். அச்சு, இறு, பாக்கம் என ஊரார் பிரிப்பர். அந்தச் சிறுபாக்கம் எனச் சுட்டாகப் பிரித்தற்கும் இலக்கணம் இடந்தரும். ஆகலின், ஊர்ப்பெயர் ஒன்றே கதைக்குச் சான்றாகாது.

ஆயினும் அச்சு இற்றமை வெறும் ஊர்ப்பேச்சன்று. மாணிக்கவாசகர் திருவுந்தியாரில், இறைவன் தேரிலே திருவடி வைத்த அளவில் அச்சு முறிந்தது என்றும், முறிந்தும் முப்புரம் அழிந்தது என்றும் பாடினார். அம்பு ஒன்றுதானும் மிகை என்பது அங்கே அவர் கருத்து. 15-ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரோ, திருப்புகழின் தொடக்கத்தில், அவ்வச்சைப் பொடிசெய்தவர் விநாயகர் என்றார். அவரை முன்னர் வழிபடாமையே காரணம் எனத் தலக்கதை விரிக்கும். கூறு ஒன்று; காரணம் இரண்டு. முன்னதன்கண், கருவிகள் இறைவனுக்கு வேண்டப்படுவன அல்ல என்னும் உண்மை விளங்குகின்றது. பின்னதன்கண், வழிபாட்டின் முறைமை விளங்குகின்றது. இவ்விரண்டனையும் வேறுபிரித்து உணராது ஒன்றாக்கி எழுதும் வெளியீடுகள், திருவாசகத்தின் கருத்தை மறைத்துவிடுகின்றன. பொதுக்கூற்றை மட்டும் எண்ணும் அகராதியும் அதனையே செய்கின்றது.

முப்புரம் என்பன மும்மல காரியமே எனத் திருமூலர் பொருள் விரித்து, அதனை உணராது கோட்டை எரித்த செயலளவில் நிற்பாரை இடித்துரைத்தார். இதுகொண்டு, புராணச் செயல்கள் எல்லாம் வெறும் உருவகமே என்று துணிவாரும் உளர். அத்துணிபு சித்தாந்தத்துக்கு ஏலாது. மலத்தை நீக்குவது இறைவனது செயலேயாதலின், செயலை நீக்கிவிட்டு உட்பொருளை மட்டும் நிறுத்துதல் இயலாது. செயலைக் கண்டு உட்பொருளை மறப்பதும், உட்பொருளைக் கண்டு செயலை மறுப்பதும் ஒருபுடை ஒப்பனவே.

அசுரன் அழிதல் என்பது உலகெங்கும் உள்ள கதைக்கூறு. வீரன் கொடியவனைக் கொல்வான், கதை முடியும். சைவத்தில் அது முடிவதில்லை என்பதே சிறப்பு. முப்புரம் எரிந்தஞான்று உய்ந்த மூவருள் இருவர் திருக்கோயில் வாயில்காவலராகவும், ஒருவர் இறைவன் ஆடலுக்கு முழவு முழக்குபவராகவும் அமைந்தனர் என்பது சுந்தரமூர்த்தி நாயனார் திருப்புன்கூர்ப் பதிகத்திற் கூறியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில், சூரபன்மன் முருகப்பெருமானைத் தாங்கும் பேறுவேண்டித் தவங்கிடந்து மயில்வடிவ மலையாயினான் என்பது தலவரலாறு. திருக்கோவலூர் வீரட்டத்தில் அழிக்கப்பட்ட அந்தகன் பின்னர்ச் சிவகணங்களுள் ஒருவனாயினான் என வடமொழிப் புராணங்கள் கூறும். அந்தகன் என்னும் பெயர்க்குக் குருடன் என்பது பொருள். ஒளியிருந்தும் காணாமை செய்வது ஆணவம். இவற்றில் எல்லாம் பகைவன் ஒழியவில்லை, பகைமை ஒழிந்தது. இதனையே சித்தாந்தம் மறக்கருணை என்னும். கதைக்கூறுகளின் அட்டவணையில் இவ்வூர்கள் மூன்றும் 'அசுரன் அழிதல்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வரும்; ஆனால் இவற்றை இவையாக்கும் பொருள் அத்தலைப்புக்கு வெளியே நின்றுவிடும்.

திண்டிவனத்துக்குத் தெற்கே, வானூர் வட்டத்துள் அடங்கியது திருவக்கரை. இதுவும் திருஞானசம்பந்தர் பதிகம் பெற்றது. வக்கிராசுரனைத் திருமால் ஆழியால் வதைத்தனர் என்றும், அவன் தங்கை துன்முகியைக் காளி வதைத்தபொழுது அவள் வயிற்றுக் கருவை அழியாது குண்டலமாகக் காதில் அணிந்தனள் என்றும் தலக்கதை கூறும். அவ்வூரை அடுத்த செம்மண் மேடுகளிற் பெரிய மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. அவற்றை வீழ்ந்த அசுரனுடைய எலும்புகள் என்று ஊரார் கூறுவர். 1781-இல் சொன்னரா என்னும் பிரெஞ்சு நாட்டு இயற்கையறிஞர் அவற்றைக் கண்டு எழுதினார். 1940-இல் அவ்விடம் கல்மரப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, இந்திய நிலவியல் அளவைத் துறையாற் காக்கப்பட்டு வருகின்றது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரங்கள் மணலுட் புதைந்து, மரத்துகள் இருந்த இடத்தில் மணற்சத்துப் படிந்து, ஆண்டுவளையமும் தோன்றுமாறு கல்லாயின என்பது நிலவியலார் துணிபு.

இங்கே சைவர் தடுமாறவேண்டுவது இல்லை. கல்லின் வயதும் இயல்பும் காண்டலுக்கும் கருதலுக்கும் உரிய பொருள்கள். வளையம் கண்ணுக்குப் புலனாகின்றது. அதனின்று மரம் என்பது அனுமானத்தாற் பெறப்படுகின்றது. எலும்பு என்பது ஐதிகம். காண்டலோடு மாறுகொண்டவிடத்து ஐதிகம் நில்லாது. அதனை விடுதலாற் சைவத்துக்கு வருங் குறை ஒன்றும் இல்லை. கருவிலுள்ள உயிரைக் கொல்லாது காதிலணிந்தனள் என்னும் செய்தியோ கல்லைப்பற்றியதன்று. ஒறுத்தலின் எல்லையைப் பற்றியது. கல்லாராய்ச்சி அதனைத் தொடவுமாட்டாது, நிறுவவுமாட்டாது. எது எவ்வளவைக்கு உரியது என்று பிரியாமையே, ஒருசாரார் நிலவியலைப் பகைத்தற்கும், மற்றொருசாரார் காளியின் கதையைக் கல்லோடு சேர்த்து எறிதற்கும் காரணமாயிற்று.

இனித் திருவெண்ணெய்நல்லூர். இவ்வூரைப்பற்றிக் கதைகள் இரண்டு உள. உமையம்மையார் வெண்ணெயாற் கோட்டை கட்டி அதனுள்ளே தீவளர்த்துத் தவஞ்செய்தனர், தீயால் வெண்ணெய் உருகவில்லை என்பது ஒன்று. கிழவேதியர் ஆளோலை காட்டி ஆரூரரைத் தடுத்தாட்கொண்டனர் என்பது மற்றொன்று. வெளியீடுகளில் இரண்டும் அடுத்தடுத்து, ஒரே நடையில், ஒரே உறுதியோடு அச்சிடப்படுகின்றன. சான்றின்வழி நோக்கின் இரண்டும் ஒருநிறையின அல்ல.

வெண்ணெய்க்கோட்டை ஊர்ப்பெயரை ஒட்டி நிற்கின்றது. இவ்வூர்க்கு ஆரூரர் பாடிய திருப்பதிகம் பெண்ணையின் தென்கரையையும் அருட்டுறையையும் கூறுகின்றதே தவிரக் கோட்டையைக் கூறவில்லை. மற்றைக் கதைக்கோ, அதற்கு உரியவரே சான்று. அப்பதிகத்தின் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், முன்னமே ஆளாகியவன் இப்பொழுது ஆள் அல்லேன் என மறுத்தல் தகுமோ என்று அவர் வினவுகின்றார். மறுத்த ஒருவரே அங்ஙனம் வினவுவர். திருநாவலூர்ப் பதிகத்தில், வெண்ணெய்நல்லூரில் தம்மை ஆளாகக் கொண்டதையும், சபைமுன் தாம் வன்மை பேசியதனால் வன்றொண்டன் என்னும் வாழ்வு பெற்றதையும் அவரே கூறினார். காஞ்சியிலுள்ள ஓணகாந்தன்தளிப் பதிகத்தில், இறைவன் ஆவணஞ்செய்து தம்மை ஆட்கொண்டதையும் குறித்தார். ஊர், சபை, வன்சொல், ஆவணம் என்னும் நான்கும் பட்டவர் வாய்மொழியாகவே கிடைக்கின்றன. இது ஐதிகம் அன்று, உரையளவை.

சேக்கிழார் இந்நான்கினையும் அடியாகக்கொண்டே தடுத்தாட்கொண்ட புராணத்தை விரித்தார். வழக்கை நிறுவுதற்கு ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்று உண்டு என்பதும், கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை வேறுண்டு என்பதும், பாட்டனார் கையெழுத்தை வேறோலையோடு ஒப்புநோக்கியதும் அவர் காட்டும் வழக்குமன்றத்தின் நுட்பங்கள். சோழர்காலக் கல்வெட்டுக்களில் ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு என்னும் ஆவணப்பெயர் காணப்படுதலின், அமைச்சராய் விளங்கிய சேக்கிழார் தங்காலத்து வழக்கு முறையை அறிந்து அமைத்தனர் எனக் கருதலாம். கரு ஆரூரருடையது, மன்றத்தின் விரிவு சேக்கிழாருடையது. இவ்வாறு பிரித்துணர்தலால் நூலின் பெருமை குறைவதில்லை; எவர் எதனைத் தந்தார் என்பது விளங்குதலின் மிகுகின்றது.

இக்கதையின் பொதுக்கூறு இறைவன் மாறுவேடத்தில் வருதல். இயற்பகையார்பால் வேதியராயும், சிறுத்தொண்டர்பால் வயிரவராயும் வந்தமையால் அது பெரியபுராணத்துள்ளேயே பலகாலும் வருவதொன்று. அதனை வைத்து இதனையும் 'வேடமாற்றக் கதை' என்று குறித்துச் செல்வாருக்கு, அண்மையிலுள்ள திருக்கோவலூர் ஒரு தக்க விடை தருகின்றது. அவ்வூரிலிருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசி, சடைமுடித்து, ஆகமநூல் கொணர்ந்தேன் என்று சொல்லி உட்புகுந்தான். சுவடிக்கட்டினுள் இருந்தது படைக்கருவி. அவன் குத்தியபின்னும் நாயனார் அவ்வேடத்தையே மெய்ப்பொருள் என்று தொழுது, மெய்காவலனான தத்தனைத் தடுத்து, அவனுக்கு ஊறுநேராது எல்லைவரையிற் கொண்டுபோய் விடுமாறு பணித்தார்.

இரண்டனையும் ஒருங்குவைத்து நோக்குக. இரண்டிலும் வேடமாற்றம் உண்டு. இரண்டிலும் ஓலை உண்டு. கதைக்கூற்று அட்டவணையில் இரண்டும் ஒருவரிசையில் நிற்கும். ஆனால், வெண்ணெய்நல்லூரில் வந்தவர் மெய்யே வடிவானவர். வேடமோ வழக்காடும் கிழவன் வேடம். ஓலை மெய், கண்டார்க்குப் பொய்யாய்த் தோன்றிற்று. ஆரூரர் அதனைக் கிழித்தார். கோவலூரில் வந்தவன் பொய்யே வடிவானவன். வேடமோ அடியார் திருவேடம். ஓலை பொய், கேட்டார்க்கு மெய்யாய்த் தோன்றிற்று. நாயனார் அதனைத் தொழுதார். கிழித்தவரும் ஆட்கொள்ளப்பட்டார், தொழுதவரும் ஆட்கொள்ளப்பட்டார். மறுத்தவனை விடாது தொடர்வது இறைவன் அருள் என்பது முன்னதன் பொருள். ஏமாற்றப்பட்ட அன்பும் வீண்போகாது என்பது பின்னதன் பொருள். ஒரே கூற்றைக்கொண்டு ஒரே ஆசிரியர் அண்மையிலுள்ள இரண்டு ஊர்களில் ஒன்றற்கொன்று எதிரான இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறி இரண்டு உண்மைகளை நிறுவினார். கூறு எழுத்துப் போன்றது; கதை சொல் போன்றது. எழுத்தை எண்ணிச் சொல்லின் பொருளை அறிந்தார் எவரும் இலர்.

இனி ஒரு தடை. 'இவ்வாறு உரைத்துப் பார்க்கின், வெண்ணெய்க்கோட்டை முதலிய தலக்கதைகள் கழிக்கப்படுமோ? கேட்டு வளர்ந்த மக்களின் அன்பு குன்றாதோ?' எனின், கழித்தல் வேண்டா. அதனதன் இடத்தில் வைத்தலே வேண்டுவது. உருகும் வெண்ணெய் தீயின் நடுவே உருகாது நின்றது என்பதன்கண், தவத்தின் திண்மையை ஊரார் தம் பெயரைக்கொண்டே சொல்லிய அழகு உண்டு. அதனைக் குழந்தைகட்குச் சொல்லுதல் நன்று. அதனையே ஆரூரர் வாய்மொழிக்கு நிகரான சான்றாக எழுதுதல் தீது. ஏனெனில், அக்குழந்தைகள் வளர்ந்து ஆராயத் தலைப்படுங்காலத்தில், பெயர்க்காரணக் கதையில் ஓட்டை காண்பர்; இரண்டும் ஒரே உறுதியோடு தமக்குச் சொல்லப்பட்டமையால், ஓலைக் கதையிலும் ஓட்டை உண்டென்று கொள்வர். பித்தளையைப் பொன் என்று விற்றவன் கடையிற் பொன்னையும் வாங்குவார் இலராவர். ஊராரின் அன்பைக் காத்தற்கே இவ்வாராய்ச்சி வேண்டப்படுகின்றது.

பின்னும் ஒரு தடை. 'ஆப்தர் மொழி என்று திருமுறையை முன்னமே ஏற்றுக்கொண்டு ஆராய்தல் ஆராய்ச்சியாகுமோ?' எனின், ஆரூரர் தமக்கு நிகழ்ந்ததாகத் தாமே கூறினார் என்பது சைவர்க்கு மட்டும் புலனாவதன்று. பதிகங்களைப் படிப்பார் யாவர்க்கும் புலனாகும். அந்நிகழ்ச்சியில் வந்தவர் சிவபெருமான் என்று தெளிதல் சைவர்க்கு உரியது. முன்னது வரையில் யாவரும் ஒருங்கே வரலாம். பின்னதில் அவரவர் நெறியே துணை. இவ்வெல்லையை இருசாராரும் மதிப்பாராயின் பூசல் பெரும்பாலும் ஒழியும்.

ஆகவே, ஒரு தலக்கதையை எடுத்தாராய்வார் நான்கு வினாக்களை நிரலே வினவுதல் வேண்டும். இக்கதையை முதற்கண் கூறியவர் யாவர், எந்நூலில்? இதன்கண் பிற இடங்களிலும் வரும் பொதுக்கூறு யாது? இவ்விடத்துக்கே உரிய சிறப்புக்கூறு யாது? அச்சிறப்புக்கூறு உணர்த்தும் பொருள் யாது? முதல் வினா, கதை புராணமோ ஐதிகமோ என்பதைத் தெரிவிக்கும். இரண்டாவது, மேனாட்டார் அட்டவணைகள் உதவும் இடம். மூன்றாவதில் அவை ஓய்ந்துவிடும். நான்காவது சித்தாந்த நூற்பயிற்சி உடையார்க்கன்றி விளங்காது. இந்நான்கில் முதலிரண்டினை மட்டும் செய்து நின்றுவிடுதல் இக்கால ஆராய்ச்சியின் குறை. நான்காவதினை மட்டும் செய்து முதல் மூன்றனையும் கைவிடுதல் சைவ வெளியீடுகளின் குறை.

வெண்ணெய்நல்லூர் மன்றத்தார், வந்தவர் முதியவர் என்பதற்காக ஓலையை ஆராயாது ஏற்றுக்கொள்ளவும் இல்லை; வழக்கு உலகில் இல்லாதது என்பதற்காக ஆராயாது தள்ளவும் இல்லை. மூலவோலையைக் கேட்டு வாங்கி, கையெழுத்தை ஒப்புநோக்கி, அதன்பின்னரே ஆரூரர் ஆள் என்று தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பின்வழியே, கிழவேதியரைப் பின்றொடர்ந்த ஆரூரர் அவர் அருட்டுறையுட் புக்கு மறைதலைக் கண்டு அவர் யாவரென உணர்ந்தார். மூலவோலையை நாடிச் செல்லும் ஆராய்ச்சி இறைவனை மறைப்பதன்று; அவன் திருவாயில் வரையிற் கொண்டுசென்று நிறுத்துவதேயாம்.